கரும்புத் தொட்டிலும் கண்ணாடிப் பெட்டியும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதியில் இரண்டு ஊர்வலங்கள் நடக்கும். ஊர் அறிந்தது தேரோட்டம். விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேஸ்வரர் என ஐந்து தேர்கள். அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடிப்பார்கள், சண்டிகேஸ்வரர் தேரைப் பிள்ளைகள் இழுப்பார்கள். இன்னொரு ஊர்வலத்துக்கு வடமும் கிடையாது, வரிசையும் கிடையாது. நாலைந்து கரும்புகளைத் தோகையோடு சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு சேலையைத் தூளியாக முடிந்து, முன்னால் தகப்பன் தோளும் பின்னால் மாமன் தோளுமாகக் கூட்டத்துக்குள் புகுந்து வருவார்கள். தூளிக்குள் குழந்தை தூங்கும், அல்லது அழும். பக்கத்தில் நடக்கும் தாயைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவள் வாய் ‘அரோகரா’ சொல்லும், கண் கூட்டத்தைப் பார்க்கும், ஒரு கை மட்டும் தூளிக்குள்ளேயே இருக்கும். பிள்ளையின் நெஞ்சிலோ வயிற்றிலோ அந்தக் கை பட்டபடியே மாட வீதி முழுக்கப் போகும்.

பிள்ளை வரம் கேட்டு, கிடைத்ததும் செலுத்தும் நேர்த்திக்கடன் இது. ஏன் இந்த ஊரில் என்று கேட்டால் பெரியவர்கள் வல்லாள மகாராஜாவிடம் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

சைவ எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வல்லாளனுக்கென்று தனிச் சருக்கமே உண்டு. பிள்ளையில்லாத அரசன், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத கொடையாளி. சிவன் அடியார் வேடத்தில் வந்து அவனைச் சோதிக்கிறார். கதையின் அந்தப் பகுதி இன்றைய வாசகருக்கு நெருடலாகத்தான் இருக்கும்: அடியாருக்குத் துணையாக ஒரு பெண் வேண்டும், ஊரில் யாரும் கிடைக்கவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அரசனின் இளைய ராணி சல்லமா தேவியே போகிறாள். அடியார் கண்மூடி அசையாமல் இருக்கிறார். எழுப்புவதற்காக அவள் தொடுகிறாள். தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். அரசன் ஓடிவந்து வாரி எடுக்கிறான், குழந்தை மறைகிறது. ‘உனக்கு நானே பிள்ளை’ என்று இறைவன் வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்குக்காகத்தான் இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக்கரையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். கடவுளே மகனாக நின்று கருமம் செய்யும் ஊர் இது.

வரலாற்று வல்லாளன் கொஞ்சம் வேறு ஆள். ஹொய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன், தில்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சிதைத்த பிறகு திருவண்ணாமலையைத் தன் தலைநகர்களில் ஒன்றாக்கிக்கொண்டவன். கோயிலுக்குள் அவன் பெயரில் கோபுரமே நிற்கிறது. சுமார் எண்பது வயதில் மதுரை சுல்தானிடம் போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தானே பார்த்ததாக இபன் பதூதா எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு வேடிக்கை: வரலாற்று ஏடுகளின்படி அவனுக்கு மகன் உண்டு. அப்பாவுக்குப் பிறகு சில காலம் நான்காம் வல்லாளனாக அவன் ஆண்டும் இருக்கிறான். ஊருக்கு அது தேவைப்படவில்லை. பிள்ளையில்லாத அரசன், தொட்டதும் உண்டான குழந்தை. ஊர் தனக்கு வேண்டிய கதையைத் தேர்ந்துகொண்டது.

தூளிக்கு வந்துசேரும் குழந்தை அதற்கு முன் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பது தனிக் கதை.

மருத்துவமனைகள் வருவதற்கு முன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்த குழந்தையை முதலில் தொட்டது மருத்துவச்சியின் கை. பெரும்பாலும் அவர் நாவிதர் குடும்பத்துப் பெண். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலும் இதைப் பதிவு செய்திருக்கிறது. மற்ற நாட்களில் வீட்டு நடையைத் தாண்டவிடாத அந்தக் கையை, பிரசவ நேரத்தில் மட்டும் வா வா என்று அழைத்து உள்ளறை வரை கூட்டிப்போனார்கள். வேலை முடிந்ததும் மறுபடி தீட்டு. தாயும் பிள்ளையும்கூடத் தீட்டு நாட்கள் கழியும்வரை ஒரு மூலையில். தீட்டில் ஒரு நன்மையும் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு: தாயும் சேயும் ஒரே பாயில், ஒரே போர்வையில், வேறு யார் கையும் படாமல் இருந்தார்கள். நோய் அண்டாமல் இருக்க அது உதவியிருக்கலாம். ஆனால் அதே அறையில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்ததும் நடந்தது. பழமையைக் கொண்டாடுபவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குளிப்பாட்டும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததே. பாட்டி முற்றத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொள்வாள். கணுக்கால்களுக்கு இடையில் பிள்ளையின் தலை, முழங்கால் பக்கம் அதன் பாதம். காய்ச்சி ஆறிய எண்ணெய் உள்ளங்கையில் ஊற்றி, அந்தக் கையை ஒருமுறை தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல்நுனிக்கு. தொடை, கெண்டைக்கால், பாதம். திருப்பிப் போட்டு முதுகு. கை ஓரிடத்தில்கூட அவசரப்படாது. வெந்நீர், துவட்டல், சாம்பிராணிப் புகை, பிறகு தூளி. இரண்டு மணி நேரம் அடித்துப்போட்டதுபோலத் தூங்கும்.

இது நிறைமாதப் பிள்ளைக்கு. குறைமாதத்தில் பிறந்ததற்கு ஊர் வைத்திருந்தது ஒரு சொல்வழக்குத்தான்: ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது. கிரேக்கத்திலும் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் இதே நம்பிக்கை வழங்கியது என்பது ஆச்சரியம். இரண்டு ஊரிலும் தவறுதான். தாயின் வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கூடுதல் பலம். எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட எப்போதும் மேல். ஏழாம் மாதத்தில் பிறந்து பஞ்சில் பொதிந்து வைத்துத் தப்பிய ஒரு பிள்ளை எழுபது வயதுவரை ஊருக்குள் கதையாக நடமாடும். தப்பாதவை கணக்கில் வரவில்லை.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகப் போனால் 70 கிலோமீட்டருக்குள் திண்டிவனம். 1890களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவப் பாதிரியார் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று ஆண்கள் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டர் போக முடியாது, அவர் தொடக்கூடாது. அவருடைய மகள் ஐடாவைக் கூப்பிட்டார்கள், அவளுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் கார்னெலில் 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பிய ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய மருத்துவப்பணியே பின்னாளில் சி.எம்.சி. ஆனது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பிரசவ மருத்துவத்தின் வரலாறு, யார் யாரைத் தொடலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் பாரிஸில் வேறொன்று நடந்தது. பிரசவ மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் கோழிமுட்டை பொரிக்கும் வெப்பப்பெட்டியைப் பார்த்தார். அதைச் செய்த ஓதில் மார்த்தான் என்பவரிடமே, குழந்தைக்கு ஒன்று செய்து தரச் சொன்னார். 1880-ல் பெட்டி தயார். அடியில் வெந்நீர், மேலே கண்ணாடி. 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் 66 சதவீதம் இறந்துகொண்டிருந்த மருத்துவமனையில் அது 38 சதவீதமாகக் குறைந்தது. இன்குபேட்டரைக் குறை சொல்பவர்கள் இந்த எண்ணை முதலில் படிக்க வேண்டும்.

தார்னியேவின் மாணவர் பியேர் புதான் கூடவே இன்னொன்றைக் கவனித்தார். பெட்டியில் வைத்து வாரக்கணக்கில் பிரித்துவைத்த குழந்தைகளில் சிலவற்றைத் தாய்மார்கள் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளவே இல்லை. பராமரித்துப் பழகாத பிள்ளை மீது பற்று விட்டுப்போயிற்று. ஆகவே தாய்மார் கூடவே இருந்து பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அறிவுரை புத்தகத்தில் தங்கியது. பெட்டி மட்டும் உலகம் சுற்றியது. 1896 பெர்லின் கண்காட்சியில் உயிருள்ள குழந்தைகளோடு இன்குபேட்டர்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதில் பங்கெடுத்த மார்ட்டின் கூனி பிறகு அமெரிக்காவின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை, ராட்டினங்களுக்கும் தின்பண்டக் கடைகளுக்கும் நடுவே, 25 சென்ட் டிக்கெட்டுக்குக் குறைமாதக் குழந்தைகளைக் காட்டினார். கேட்கவே கூசும். ஆனால் அன்றைய பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் கைவிட்ட பிள்ளைகளை அவர் காசு வாங்காமல் வளர்த்துக் கொடுத்தார். டிக்கெட் பணம்தான் செலவுக்கு. அவருடைய தலைமைத் தாதி தன் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் வளையல்போல் மாட்டிக் காட்டுவாராம். வந்தவர்கள் வாயடைத்து நிற்பார்கள்.

ஆஸ்பத்திரிகள் பெட்டியை எடுத்துக்கொண்டபோது கூடவே பயத்தையும் எடுத்துக்கொண்டன. தொற்று வரும் என்று தாயைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். தொடுவது குறைந்தால் நோயும் குறையும் என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு வேதவாக்கு. குறைமாதக் குழந்தையைப் பார்க்கத் தாயை உள்ளே விடலாமா என்பதையே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1970 வாக்கில் ஓர் ஆராய்ச்சியாக நடத்த வேண்டியிருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. குழந்தையை யாரும் தொடவில்லை என்பது உண்மையில்லை. ஊசி தொட்டது, பிளாஸ்திரி தொட்டது, தொண்டைக்குள் குழாய் தொட்டது, குதிகாலில் ரத்தம் எடுக்கக் குத்தியது. எட்டாம் வாரத்திலேயே கருவின் உதட்டோரம் தொடுதலை உணரத் தொடங்குகிறது. பார்வைக்கும் கேள்விக்கும் முன்பே வந்துவிடும் புலன் அது. கர்ப்பப்பையில் நீரும் சதையும் எல்லாப் பக்கமும் அணைத்திருந்த உடம்பு, மூன்று மாதம் முன்னதாக வெளியே வந்ததும் சந்திக்கும் தொடுதல் பெரும்பாலும் வலிதான். அந்த வலியைக்கூட மருத்துவம் நம்பவில்லை. பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று, பேருக்கு மட்டும் மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்த காலம் 1980கள் வரை இருந்தது. அதை உடைத்தவர் ஓர் இந்தியர். ஸ்ரீநகரில் பிறந்து இந்தூரில் மருத்துவம் படித்த கன்வல்ஜீத் ஆனந்த், ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தபோது, அறுவை அரங்கிலிருந்து திரும்பும் குழந்தைகள் ஏன் இப்படி வெளிறிப்போய் வருகின்றன என்று கேட்டார். 1987-ல் வெளியான அவருடைய ஆய்வு, தகுந்த வலிமருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவைக்குப் பின் நன்றாகத் தேறுகின்றன என்று காட்டியது. வலியை உணரும் தோல் அன்பையும் உணரும் என்று சொல்ல ஆய்வு வேண்டுமா? மருத்துவத்துக்கு வேண்டியிருந்தது.

அன்பான தொடுதல் பற்றிய அந்த ஆய்வு எலிக்குட்டியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் சால் ஷான்பெர்க் எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்த்தார். வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு நொதியும் வளர்ச்சி ஹார்மோனும் சரிந்தன. பால் கொடுத்தும், சூடு கொடுத்தும் சரியாகவில்லை. கடைசியில் ஈரத் தூரிகையால், தாய் எலி நாக்கால் நக்குகிற அழுத்தத்தில் முதுகை வருடினார்கள். ஹார்மோன் பழைய நிலைக்கு ஏறியது. இதைக் கேள்விப்பட்ட டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் (அவருடைய மகளே குறைமாதத்தில் பிறந்தவள்) மயாமியில் சராசரி 1,280 கிராமில் பிறந்த குழந்தைகளிடம் முயன்றார். ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், பத்து நாள். இன்குபேட்டரின் கைத்துளை வழியாகவே தலை, தோள், முதுகு, கால் என்று வருடி, கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவது. 1986-ல் முடிவு வந்தது: வருடப்பட்ட குழந்தைகள், வருடப்படாதவற்றைவிட 47 சதவீதம் வேகமாக எடை கூடின, சராசரியாக ஆறு நாள் முன்னதாக வீடு போயின. குடித்த பாலின் அளவோ இரு தரப்பிலும் ஒன்றுதான்.

அப்படியானால் எடை எங்கிருந்து வந்தது? தோலுக்கு அடியிலுள்ள அழுத்த உணரிகள் தூண்டப்படும்போது வேகஸ் என்ற நீண்ட நரம்பு சுறுசுறுப்பாகிறது. வயிற்றின் அசைவு கூடுகிறது. இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும் அதிகம் சுரக்கின்றன. அதே பால் கூடுதலாக உடம்பில் ஒட்டுகிறது. ஃபீல்ட் இன்னொன்றும் கண்டார். இறகால் தொட்டதுபோன்ற மிக லேசான வருடலைக் குறைமாதக் குழந்தைகள் வெறுக்கின்றன, கூச்சத்தில் நெளிகின்றன. ஓரளவு அழுத்தம் வேண்டும். பாட்டியின் உள்ளங்கைக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது. 1992-ல் ஃபீல்ட் தொடங்கிய தொடுதல் ஆய்வு நிறுவனத்துக்குத் தொடக்க நிதி கொடுத்தது ஜான்சன் அண்ட் ஜான்சன். பேபி ஆயில் விற்பவர்களுக்குத் தொடுதலில் அக்கறை வந்ததில் வியப்பில்லை.

மேற்கு இதை நம்மிடம் கற்றது என்று மார்தட்டுவோரும் உண்டு. கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரெடெரிக் லெபோயே கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்து, அவள் பெயரையே தலைப்பாக வைத்து 1976-ல் ‘ஷாந்தலா’ என்ற நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் குழந்தை மசாஜ் பரவியதில் அதற்குப் பங்குண்டு. எண்ணெயை இந்திய ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகள் நன்றாக வளர்ந்து நன்றாகத் தூங்கியதாக தில்லியில் 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. 2005-ல் மும்பை ஆய்வு ஒன்றில், குறைமாதக் குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்தபோது, மினரல் எண்ணெயைவிட எடை கூடுதலாக ஏறியது.

ஆனால் முற்றத்துக் குளியலை அப்படியே 1,200 கிராம் குழந்தைக்குச் செய்தால் கொலைதான். இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த குழந்தையின் தோல் ஈரக் காகிதம்போல் இருக்கும். சூடும் நீரும் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். வெந்நீர் ஊற்றித் துவட்டுவதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். சாம்பிராணிப் புகை நுரையீரலுக்கு ஆகாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், மூக்கை ஊதுவதும், உரம் விழுந்தது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், தொக்கம் எடுப்பதும் நிறைமாதப் பிள்ளைக்கே ஆபத்து. மிகச் சிறிய குழந்தைக்கு முதல் நாட்களில் வருடல்கூட அதிகம். ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதத்திலும் வைத்து அசையாமல் இருந்தால் போதும். நம் பாட்டிகளுக்குத் தேய்க்கத் தெரியும். இப்படிச் சும்மா இருக்கும் கை புதிது.

சும்மா இருப்பதன் உச்சம் கொலம்பியாவிலிருந்து வந்தது, அதுவும் வறுமையிலிருந்து. 1978-ல் பொகோட்டா நகரின் தாய்சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் தொற்று மற்றதற்கு. கங்காருக் குட்டி ஒரு கிராம் எடையில் பிறந்து தாயின் பையில் வளர்வதைப் படித்த டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையை நேராகத் தாயின் மார்போடு கட்டிவிட்டார். மறு வருடம் ஹெக்டர் மார்த்தினெஸ் சேர்ந்துகொண்டார். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அணையாடை மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவில் செங்குத்தாக, தலை ஒருபக்கம் திரும்பி, கால்கள் தவளைபோல் மடங்கி. மேலே ஒரு துணிக்கட்டு. குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்பு தானாகச் சூடேறும். எந்த வார்மரும் செய்யாத வேலை அது. கேட்பது இதயத் துடிப்பு, பக்கத்திலேயே பால்.

ஏழை நாட்டுக்கு ஏழை வைத்தியம் என்று பணக்கார நாடுகள் முதலில் சிரித்தன. இந்தக் கங்காரு முறையில் வளர்ந்த குழந்தைகளை இருபது வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. மார்பில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கு ஒழுங்காகப் போயிருந்தார்கள், முரட்டுத்தனம் குறைவு, மூளையின் சாம்பல் நிறப் பகுதி பெரிதாக இருந்தது.

இந்தியாவுக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி இல்லை. 2020-ல் உலகில் குறைமாதத்தில் பிறந்த 1.34 கோடிக் குழந்தைகளில் சுமார் 30 லட்சம் இங்கே. ஹரியானாவில் 8,402 எடைகுறைந்த குழந்தைகளிடம் வீட்டிலேயே கங்காரு முறையைச் செய்துபார்த்த ஆய்வில், முதல் 28 நாள் மரணம் 30 சதவீதம் குறைந்தது. ஆனால் பழைய விதி ஒன்று மிச்சம் இருந்தது: குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் தாயிடம் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தில்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் அதையும் சோதித்தது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பாதிப் பேரைப் பிறந்த உடனே தாயின் மார்பில் வைத்தார்கள். அதற்காகத் தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 17 மணி நேரம். மற்றவர்களில் 15.7 சதவீதம் இறக்க, இவர்களில் 12 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், எஞ்சிய குழந்தைகளுக்கு மறுப்பது தவறு என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளியானது 2021-ல். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் விதியையே மாற்றியது: பிறந்த உடனே தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை.

திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2013-ல். அதற்கு முன் ரொம்பச் சிறிய பிள்ளை என்றால் வேலூர், புதுச்சேரி, சென்னை என்று ஓட வேண்டும். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்குவதே ஒரு பயணம். இப்போதும் வழியில் குழந்தை குளிர்ந்துவிடுவதுதான் முதல் எதிரி. அதற்குத் தாயின் மார்பைவிட நல்ல வண்டி கிடையாது. அவள் முடியாத நிலையில் இருந்தால் தகப்பனின் மார்பு, பாட்டியின் மார்பு. அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாமா என்று நம் ஆண்கள் இன்னும் கூச்சப்படுகிறார்கள். தேர் வடம் பிடிக்கச் சட்டையைக் கழற்றுபவர்களுக்கு இதில் என்ன கூச்சமோ தெரியவில்லை.

பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தாய்மார் பேசுவதெல்லாம் கிராம் கணக்குத்தான். இன்றைக்குப் பத்து ஏறிச்சா, பதினைந்தா? நேற்று ஏன் இறங்கிச்சு? காலையில் தராசில் வைத்து எடுக்கும் எண் அன்றைய நாளின் ஜாதகம். நர்சம்மா கையைச் சுத்தமாகக் கழுவச் சொல்லி, வளையலைக் கழற்றச் சொல்லி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, வயர்களோடும் குழாயோடும் குழந்தையை எடுத்து மார்பில் வைப்பார். முதல்முறை பெரும்பாலான பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், உடைந்துவிடுமோ என்று. கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் குழந்தையின் துடிப்பு சீராகும். தாயின் தோளும் இறங்கும்.

இப்படித் தேறி வந்த பிள்ளைக்குக் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்ட குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கார்த்திகைக்கே லட்சக்கணக்கானோர் நிற்கும் கூட்டத்துக்குள் தூக்கிவர வேண்டியதில்லை. தும்மலும் இருமலும் புகையுமாக இருக்கும் தெருவில், பிஞ்சு நுரையீரலுக்கு வேலை வைக்காதீர்கள். தடுப்பூசிகள் முடியட்டும், டாக்டர் சரி என்று சொல்லட்டும். நேர்த்திக்கடனுக்கு அண்ணாமலையார் கெடு வைத்ததாகப் புராணத்தில் எங்கும் இல்லை. அடுத்த வருடம் வாருங்கள். வரும்போது இரண்டு கரும்பு கூடுதலாக வாங்கிக் கட்டுங்கள், பிள்ளை கனத்திருக்கும்.